அவான்கார்ட்: தூசியா, தாரா, முற்படையா?

பாலக்கோட்டுப் பக்கம் ஓவிய ஆசிரியராக இருக்கும் நண்பரோடு ஒருநாள் தருமபுரியில், போரில் மடிந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அவான்கார்ட்டுக்குத் தமிழ்ல என்னங்க?” என்று திடீரெனக் கேட்டார். கேட்ட இடம் சரிதான். அது போர்க்களத்துச் சொல்.

பிரெஞ்சில் ‘அவான்’ என்றால் முன், ‘கார்ட்’ என்றால் காவல். பெரும்படைக்கு முன்னால் போய் வழி பார்த்து, முதல் அடியையும் வாங்கிக்கொள்ளும் சிறுபடைக்கு அந்தப் பெயர். 1825இல் பிரெஞ்சுச் சமூகச் சிந்தனையாளர் சான் சிமோனின் வட்டத்திலிருந்து வந்த ஒரு கட்டுரை, சமூகத்துக்கு அந்த முன்படை கலைஞர்கள்தான் என்றது. பழகிய முறையை உடைக்கும் கலைக்கு இந்தப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. கவிஞர் போதலேருக்கு இது பிடிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் பட்டாளத்து உவமையா என்று தன் நாட்டாரையே கேலி செய்தார்.

முதல் உலகப்போரில் உவமை நிஜமானது. இயந்திரத்தையும் வேகத்தையும் போற்றிய இத்தாலியக் கலைஞர் கூட்டமான எதிர்காலவாதிகளின் தலைவர் மரினெட்டி 1909 அறிக்கையிலேயே போரைக் கொண்டாடியவர். 1915இல் அவரும் ஓவியர் போச்சியோனியும் கட்டடக் கலைஞர் சான்ட் எலியாவும் சைக்கிள் படையில் சேர்ந்தார்கள். மறு ஆண்டே சான்ட் எலியா களத்தில் மடிந்தார். போச்சியோனி பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். இயந்திர வேகத்தை வணங்கியவருக்குக் குதிரை எமனானது! ஜெர்மானிய ஓவியர் ஃபிரான்ஸ் மார்க், பீரங்கிகளை விமானத்தின் கண்ணிலிருந்து மறைக்கும் தார்ப்பாய்களில் அரூப ஓவியர் காண்டின்ஸ்கியின் பாணியில்கூட வண்ணம் தீட்டிப் பார்த்தார். 1916 மார்ச்சில் பிரான்சின் வெர்டன் போர்க்களத்தில் அவரும் போய்விட்டார். இயந்திரத் துப்பாக்கியோடு நின்று உயிரோடு திரும்பிய ஓட்டோ டிக்ஸ், பார்த்ததையெல்லாம் 1924இல் 50 செதுக்கோவியங்களாக வெளியிட்டார். சூரிச்சில் கூடிய ‘டாடா’ (Dada) என்ற கலை இயக்கத்துக்காரர்கள் போரையே வெறுத்தவர்கள். அவர்களுக்கும் பெயர் அவான்கார்ட்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். பழைய சொற்கள் இரண்டு உண்டு. ‘தார்தாங்கிச் செல்வது தானை’ என்ற குறளில் (767) வரும் தார் முன்படைதான். பரிமேலழகர் அதற்குத் ‘தூசி’ என்று உரை எழுதுகிறார். ஆனால் இன்றைக்குத் ‘தூசிக் கலை’ என்றால் துடைக்கத் துணி தேடுவார்கள். ‘தார்க் கலை’ என்றால் ரோடு போடுகிற வேலை என்பார்கள். ‘முன்னணி’யைத் தேர்தல் கூட்டணிகள் எடுத்துக்கொண்டன. முன்னணி நடிகர் என்றால் ஊரே அறிந்தவர். அவான்கார்ட் அதற்கு நேரெதிர். ‘முன்னோடி’ பரவாயில்லை, ஆனால் அது பின்னால் வந்தவர்கள் கொடுக்கும் பட்டம். களத்து வாடையும் அதில் இல்லை.

என் கணக்கில் ‘முற்படைக் கலை’ பொருந்தும். படை என்றால் சேனை. படை என்றால் உருவாக்கு. பிரெஞ்சுக்கு இந்த வசதி கிடையாது.

நண்பர் தலையாட்டிவிட்டு, “அப்படிப் பார்த்தா நம்ம தகடூர்ல ஔவையார்தான் முதல் முற்படை” என்றார். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானின் தூதராக எதிரி மன்னன் தொண்டைமானிடம் போனவர் அவர். அங்கே மயில்பீலியும் மாலையும் சூட்டி, நெய் பூசிக் காவலோடு வைத்திருந்த ஆயுதங்களைப் பார்த்தார். எங்கள் அரசனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடினார் (புறநானூறு 95). புகழ்கிறாரா, குத்துகிறாரா என்று நாங்கள் பேசிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வந்து சேர்ந்தோம்.