மருந்துக் கொள்முதல் விதிகளை நீக்கலாமா? முதலில் அந்த 14 நாளைப் பாருங்கள்

அரசு மருத்துவமனையில் ஒரு மருந்து தீர்ந்தால் போதும், "டெண்டர், டெஸ்டிங் விதிகளை எடுத்துவிட்டு மருத்துவமனையே நேரடியாக வாங்கட்டும்" என்ற பேச்சு கிளம்பிவிடும். அவசரம் புரிகிறது. ஆனால் எந்த விதி எதற்காக இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகத் தூக்கினால் அடிபடுவது நோயாளிதான்.

தமிழ்நாட்டில் 1994-இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம்தான் மருந்துகளை மொத்தமாக வாங்குகிறது. மாவட்டக் கிடங்குக்கு வரும் சரக்கு நேரே வார்டுக்குப் போகாது, தனியே நிறுத்திவைக்கப்படும். பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) வாரியாக மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, ரகசிய எண்ணிட்டு லேபுக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் விநியோகம்.

இந்தக் காத்திருப்பைத்தான் பலர் வெறும் ஃபைல் தாமதம் என்று நினைக்கிறார்கள். ஊசி மருந்தையும் குளுக்கோஸ் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிருமி இல்லை என்று உறுதிசெய்ய, மாதிரியை, கிருமி இருந்தால் வளரக்கூடிய இரண்டு வகை வளர்ப்பு ஊடகங்களில் இட்டு, ஒன்றை 30–35 டிகிரியிலும் மற்றொன்றை 20–25 டிகிரியிலும் 14 நாள் வைக்க வேண்டும். மெதுவாக வளரும் பூஞ்சை முதல் சில நாளில் தென்படாமலே போகலாம். யார் கையெழுத்துப் போட்டாலும் அது வேகமாக வளரப்போவதில்லை.

தட்டுப்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் பிந்திப் போட்ட இண்டென்ட், அதாவது மருத்துவமனை அனுப்பும் தேவைப் பட்டியல். மாதம் 600 பாட்டில் செலவாகும் இடத்தில், ஆர்டரிலிருந்து சோதனை முடிவு வரை 2 மாதம் பிடிக்கும் என்றால், கையில் 1,200 இருக்கும்போதே தேவையைச் சொல்லிவிட வேண்டும். 200-க்கு இறங்கியபின் எழுதினால் அது 10 நாளில் தீர்ந்துவிடும். மழைக்காலத் தேவைக்குப் போன மாதக் கணக்கு உதவாது. போன வருடம் இதே மாதத்தில் எவ்வளவு செலவானது என்று பாருங்கள்.

தளர்த்த வேண்டிய இடமும் இருக்கிறது: லோக்கல் பர்ச்சேஸ், அதாவது கழகம் வழியாக இல்லாமல் மருத்துவமனையே வெளியில் வாங்குவது. சில ஆயிரம் ரூபாய் மருந்துக்கும் கொட்டேஷன், பல மேசைக் கையெழுத்து என்று அலைவது வீண், அதைக் குறைக்கலாம். ஆனால் அதற்கான நிதி உச்சவரம்பைத் தொடக்கூடாது, ஏனென்றால் அப்படி வாங்கும் மருந்து கழகத்தின் பெயர் மறைத்த சோதனைக்குள் வருவதில்லை. பேரிடர் நேரத்துக்கு 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவிலேயே டெண்டர் விதிகளிலிருந்து விலக்கு இருக்கிறது.

லோக்கலாக வாங்கும்போது பில்லில் உள்ள பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தயாரிப்பு உரிம எண் இல்லாத சரக்கை இறக்கவே வேண்டாம். குளுக்கோஸ் பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே தலைகீழாகப் பிடித்து, கலங்கலோ மிதக்கும் துகளோ கசிவோ தெரிந்தால் அந்தப் பேட்ச் முழுவதையும் நிறுத்திவையுங்கள்.