பாதிக்கு மேல் ஜெயித்தும் கையில் நஷ்டம்

நியூ ஜெர்சியில் வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். பிப்ரவரியில் ஆரம்பிக்கிற கூட்டம் ஏப்ரல் 15 வரை ஓயாது. அதில் மார்ச் நடுவிலிருந்து மூன்று வாரம் அமெரிக்காவே கல்லூரி கூடைப்பந்துப் பித்தில் இருக்கும். 68 அணிகள், ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்கு. வரிக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று சில வருடம் முன்பு கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது ஒரு கையால் டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவத்தை நீட்டுகிறவரின் இன்னொரு கையில் ஸ்கோர் ஓடிக்கொண்டிருக்கிறது.

2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை ரத்து செய்தது. விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்து வைத்திருந்த சட்டம் அது. வழக்குப் போட்டு ஜெயித்ததே எங்கள் நியூ ஜெர்சிதான். அதிலிருந்து என் மேஜைக்கு வரும் கோப்புகளில் பந்தயக் கணக்கு வருடா வருடம் கூடுகிறது.

இங்கே சொல்லப்போகும் இருவரையும் யாரும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கை மாற்றவில்லை.

முதலாமவர் டேட்டா துறையில் வேலை செய்யும் தம்பி. மனைவியும் அவரும் சேர்ந்து கணக்கு தாக்கல் செய்கிறவர்கள், வாடகை வீடு. உட்கார்ந்ததும் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

"அக்கா, கல்லூரி ஃபுட்பால், பாஸ்கெட்பால் ரெண்டுலயும் சேர்த்து 412 பெட். 213 ஜெயிச்சிருக்கேன். பாதிக்கு மேல. இதை வருமானமா காட்டணுமா?"

எக்செலைப் பார்த்ததும் அசந்துதான் போனேன். யாருடைய மைதானம், முந்தைய ஆட்டத்துக்குப் பின் எத்தனை நாள் ஓய்வு, யாருக்குக் காயம், என்று பத்துப் பன்னிரண்டு பத்தி. ஜெயித்த வரிசைக்குப் பச்சை, தோற்றதற்குச் சிவப்பு. அலுவலகத்தில் இவ்வளவு சுத்தமாக வேலை செய்தால் இந்நேரம் பதவி உயர்வு வந்திருக்கும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. ஒரு பத்தி மட்டும் அதில் இல்லை. எவ்வளவு கட்டினார், எவ்வளவு திரும்பி வந்தது என்கிற பத்தி.

"ஒவ்வொண்ணும் ஒரே தொகைதான் அக்கா, நூறுக்கு நூத்திப் பத்து."

அந்த நூற்றிப் பத்தில்தான் விஷயமே இருக்கிறது. பந்தயச் செயலியில் ஆட்டத்துக்குப் பக்கத்தில் மைனஸ் 110 என்று போட்டிருப்பார்கள். நீங்கள் 110 டாலர் வைக்க வேண்டும், ஜெயித்தால் 100 லாபம், தோற்றால் 110 போச்சு. அவர் கண் முன்னாலேயே கால்குலேட்டரில் தட்டினேன். 213 வெற்றிக்கு 21,300 டாலர். 199 தோல்விக்கு 21,890. ஆக, 590 டாலர் நஷ்டம். தம்பி திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

இந்த விலையில் கையைக் கடிக்காமல் இருக்கவே நூற்றுக்கு 52.4 ஜெயிக்க வேண்டும். அவர் ஜெயித்தது 51.7. இன்னும் மூன்றே மூன்று ஆட்டம், அதாவது 216 ஜெயித்திருந்தால் வருடம் முழுக்க உழைத்ததற்கு 40 டாலர் மிஞ்சியிருக்கும். "மூணு ஆட்டம்தானே அக்கா, அடுத்த சீசன்ல பிடிச்சிடலாம்" என்றார். அந்த வாக்கியத்தை இந்த நாற்காலியில் வேறு வேறு குரலில் பலமுறை கேட்டிருக்கிறேன்.

பிடித்துவிடலாம் என்று தோன்றுவதற்குக் காரணம், எந்த அணி ஜெயிக்கும் என்று கணிப்பது உண்மையிலேயே கஷ்டமில்லை. பெரிய கல்லூரி ஒன்று, பெயர் தெரியாத சிறிய கல்லூரியோடு ஆடினால் யார் ஜெயிப்பார்கள் என்று என் அம்மாவே சொல்லிவிடுவார். அதனால்தான் ஸ்ப்ரெட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பெரிய அணி 20.5 புள்ளி கொடுக்கிறது என்றால், அது 21 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் அதன் மேல் கட்டியவருக்குக் காசு. 1940-களில் சார்லஸ் மெக்நீல் என்ற சிகாகோக்காரர் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவராம், ஆச்சரியமில்லை. எவ்வளவு ஏறுமாறான ஆட்டத்தையும் நாணயம் சுண்டுவது போல ஆக்கிவிடுகிற எண் அது. உங்களுக்குத் தெரிந்த காயம், ஓய்வு, மைதானம் எல்லாம் அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே போய்விட்டன. மீதியிருப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டமும் பந்தயக் கடைக்காரர் கமிஷனும்தான்.

விவரம் தெரிந்தவர்கள் 3, 7 என்ற எண்களைப் பற்றி நிறையப் பேசுவார்கள். அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு ஃபீல்டு கோலுக்கு 3, ஒரு டச்டவுனும் அதன் கூடுதல் உதையும் சேர்ந்து 7. அதனால் நிறைய ஆட்டங்கள் அந்த வித்தியாசத்திலேயே முடியும். ஸ்ப்ரெடில் மைனஸ் 3-க்கும் (3 புள்ளி கொடுப்பது) மைனஸ் 3.5-க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்பது சரிதான். ஆனால் அது எண்ணை வைக்கிறவருக்கும் தெரியும். அந்த அரைப் புள்ளியை உங்களுக்கு விற்க அவர் தனி விலை கேட்பார்.

விதிவிலக்காக நிஜமாகவே ஜெயிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செயலி ஒரு பரிசு தரும்: இனிமேல் நீங்கள் சில டாலருக்கு மேல் கட்ட முடியாது என்று வரம்பு வைத்துவிடும். அந்த வரம்பு வந்து புலம்பிய வாடிக்கையாளர் எனக்கு இதுவரை ஒருவரும் இல்லை. என்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் போனஸ் கூப்பன்தான் வருகிறது. கடை யாரை விரும்பி அழைக்கிறது என்று இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

தம்பியின் வங்கி அறிக்கையில் மாதாமாதம் ஒரு தொகை போயிருந்தது. டெலிகிராம் குழு ஒன்றுக்குச் சந்தா. 'இந்த வார லாக்' என்று சனிக்கிழமை காலையில் செய்தி அனுப்புவார்களாம். லாக் என்றால் பூட்டுப் போட்ட மாதிரி நிச்சயம் என்று அர்த்தம். "ஆறு வாரம் தொடர்ந்து சரியா சொன்னாங்க அக்கா, அப்புறம்தான் சேர்ந்தேன்." ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவருக்கு வரைந்து காட்டினேன். 1,024 பேருக்கு இலவசமாகச் செய்தி அனுப்புகிறேன். பாதிப் பேருக்கு இந்த அணி, பாதிப் பேருக்கு அந்த அணி. தோற்ற 512 பேரை மறந்துவிட்டு மிச்சப் பேரை மறுபடி பிரிக்கிறேன். ஆறாவது வாரம் முடியும்போது என்னை ஞானி என்று நினைக்கிற 16 பேர் இருப்பார்கள். எனக்கு ஒரு ஆட்டத்தின் விதியும் தெரிய வேண்டியதில்லை.

எல்லாரும் இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. ஏமாற்றாதவரிடமும் சிக்கல் உண்டு. ஆயிரம் பேர் ஆளுக்கு நூறு தடவை நாணயம் சுண்டினால், சுமார் 28 பேருக்கு 60 அல்லது அதற்கு மேல் தலை விழும். அந்த 28 பேரும் தங்களுக்கு ஏதோ வித்தை கைவந்திருக்கிறது என்று மனதார நம்புவார்கள். சந்தா வசூலிக்க ஆரம்பிப்பது அவர்கள்தான், மற்ற 972 பேர் இல்லை.

பார்லே பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு ஆட்டத்தையும் ஒரே சீட்டில் கோத்து நாலும் ஜெயித்தால்தான் பணம் என்பது பார்லே. நாலும் நாணயம் சுண்டுவது போன்ற ஆட்டங்கள் என்றால் நியாயமான விலை ஒரு டாலருக்கு 15 டாலர் லாபம். தருவது 12 டாலரும் கொஞ்சம் சில்லறையும். தனி ஆட்டத்தில் நூற்றுக்கு நாலரை டாலர் எடுத்துக்கொள்கிற கடை, இதில் பதினேழு எடுத்துக்கொள்கிறது. தம்பி ஃபுட்பால் பருவத்தில் வாரம் 25 டாலர் என்று 14 வாரம் போட்டார். ஒன்றும் வரவில்லை. அந்த 350 டாலர் எக்செலில் ஏறவேயில்லை. "அது சும்மா ஜாலிக்கு அக்கா."

இனி என் வேலை. 590-உம் 350-உம் சேர்த்து 940 டாலர் தோற்றவருக்கு வரி என்ன வரும்? பூஜ்யம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். மத்திய வரிச் சட்டம் அப்படிப் பார்க்காது. ஜெயித்த பந்தயங்களின் லாபம் 21,300 டாலர் முழுக்க வருமானம். தோற்றதைக் கழிக்க வேண்டுமானால், கணக்கே கேட்காமல் தருகிற நிலையான கழிவை விட்டுவிட்டு, செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட வேண்டும். 2025-க்குத் தம்பதிக்கு நிலையான கழிவு 31,500 டாலர். வாடகை வீட்டுக்காரருக்கு வீட்டுக்கடன் வட்டி கிடையாது. மாநில வரி 8,000 சொச்சத்தோடு, வெற்றித் தொகை அளவுக்கு மட்டும் கழிக்கக்கூடிய பந்தயத் தோல்வி 21,300-ஐச் சேர்த்தாலும் 31,500-ஐ எட்டவில்லை. பட்டியலிட்டுப் பயனில்லை. அவர் 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவர். வரி 4,686 டாலர்.

நியூ ஜெர்சி மாநில வரியில் மட்டும் வெற்றியிலிருந்து தோல்வியைக் கழித்துக்கொள்ளலாம், அங்கே ஒன்றும் வரவில்லை. அவருக்குச் சொல்ல எனக்கிருந்த ஒரே நல்ல செய்தி அதுதான். 2026 முதல் மத்தியக் கணக்கு இன்னும் இறுகுகிறது: பட்டியலிட்டாலும் தோல்வியில் 90 சதவீதத்தைத்தான் கழிக்க முடியும். ஒரு லட்சம் டாலர் ஜெயித்து ஒரு லட்சம் தோற்றவர், கையில் சல்லிக்காசு இல்லாமல் 10,000 டாலர் வருமானத்துக்கு வரி கட்டுவார்.

இரண்டாமவர் எஃப்-1 விசாவில் முதுகலை படிக்க வந்த பையன். இவரை நினைத்தால்தான் இந்தக் கட்டுரையையே எழுத வேண்டும் என்று தோன்றியது. பத்து டாலர் பார்லே ஒன்றில் 3,800 டாலர் விழுந்திருக்கிறது. அதற்கு டபிள்யூ-2ஜி என்ற சூதாட்ட வெற்றிப் படிவம் தபாலில் வந்ததால் பயந்து என்னிடம் வந்தார். வராமலிருந்தால் கணக்கிலேயே காட்டியிருக்க மாட்டார். படிவம் வராத வெற்றிக்கும் வரி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. வருட அறிக்கையை இறக்கச் சொன்னேன். மற்ற வெற்றிகள் 6,200, மொத்தம் 10,000. தோல்விகள் 11,500.

எஃப்-1 மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரிச் சட்டப்படி 'வெளிநாட்டவர்'. அவர்களுக்கு 1040-என்ஆர் படிவம். அதில் இப்படிப்பட்ட பந்தய வெற்றிக்கு நேராக 30 சதவீதம், அடுக்கு கிடையாது, தோல்வியைக் கழிக்கவும் வழியில்லை. கனடாவில் வசிப்பவர்களுக்கு ஒப்பந்தப்படி சலுகை உண்டு, இந்தியர்களுக்கு இல்லை. 1,500 டாலர் தோற்ற பையனுக்கு 3,000 டாலர் வரி. ஊரில் வாங்கிய கல்விக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. "அக்கா, அப்பாவுக்குத் தெரியாம தவணையில கட்ட முடியுமா?" என்று கேட்டார். முடியும், மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் தவணை தரும், வட்டியும் சேரும் என்று சொல்லி விண்ணப்பித்துக் கொடுத்தேன். அன்று அவரிடம் கட்டணம் வாங்க மனம் வரவில்லை.

இந்தியாவில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க 2025-இல் சட்டம் வந்தது. அங்கிருந்து வந்து இறங்கும் பிள்ளைக்கு இங்கே ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் சட்டப்படியான பந்தய அழைப்பு.

"எனக்கு இந்த டீம் அத்துப்படி" என்பவர்களுக்கு ஒரு கதை. ஜெர்சி சிட்டியில் செயின்ட் பீட்டர்ஸ் என்று ஒரு சிறிய கல்லூரி. 2022-இல் அந்த 68 அணிப் போட்டியில், கடைசிக்கு முந்தைய 15-ஆம் தர வரிசையில் நுழைந்து, பெரிய அணியான கென்டக்கியை வீழ்த்தி, கடைசி எட்டு வரை போனார்கள். "அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை. வேடிக்கை என்னவென்றால் நியூ ஜெர்சியில் அந்த அணி மேல் யாரும் சட்டப்படி ஒரு டாலர்கூடக் கட்டியிருக்க முடியாது. உள்ளூர்க் கல்லூரிகள் மேல் பந்தயத்துக்குத் தடை. அதை நீக்கலாமா என்று 2021-இல் கேட்டபோது மக்களே வேண்டாம் என்று வாக்களித்தார்கள். கட்டவே முடியாத பந்தயத்தையும் ஜெயித்ததாக நினைவு வைத்துக்கொள்கிற மனசுதான் நமக்கு.

அந்தத் தடைக்குக் காரணம் இருக்கிறது. ஸ்ப்ரெட் இருக்கும் இடத்தில், பந்தயக்காரரிடம் காசு வாங்கிய ஆட்டக்காரர் தோற்க வேண்டியதில்லை, பத்துப் புள்ளியில் ஜெயிக்க வேண்டியதை ஆறில் ஜெயித்தால் போதும். 1950-இல் நியூயார்க் சிட்டி காலேஜ் அணி கல்லூரி கூடைப்பந்தில் நாட்டின் இரண்டு பெரிய கோப்பைகளையும் ஒரே ஆண்டில் வென்றது. அடுத்த ஆண்டே அதன் ஆட்டக்காரர்கள் இந்தக் குற்றத்தில் கைதானார்கள். சம்பளமில்லாத இருபது வயதுப் பையன்கள். தம்பியின் எக்செலில் இதற்கும் பத்தி கிடையாது.

பந்தயத்தை நிறுத்த நினைப்பவர்கள் நியூ ஜெர்சியில் தங்கள் பெயரைத் தாங்களே விலக்குப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு மாநில அனுமதி பெற்ற எந்தச் செயலியும் உங்களை உள்ளே விடாது. பேச ஆள் வேண்டுமென்றால் 1-800-426-2537, பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. கணவர் அல்லது மகன் விளையாடுகிறார் என்று சந்தேகப்படும் குடும்பத்தினரும் அதே எண்ணில் பேசலாம்.

என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு செயலியிலும் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையிலான முழு வெற்றி தோல்வி அறிக்கையை இறக்கிக்கொண்டு வாருங்கள். பெரிதாக ஜெயித்த அன்று எடுத்த ஸ்க்ரீன்ஷாட் போதாது.