இலையா, வேரா?

தான்சானியக் கடலோரத்தில் குழந்தைகள் வார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வலிப்பு வந்த பிள்ளையை ஒரு தாய் தூக்கி வந்தார். தலைமுடியில் புகை வாடை. யானைச் சாணத்தை எரித்துப் புகை போட்டிருந்தார்கள். "இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள்?" என்று கத்திவிட்டேன். ஊசியை எடுத்ததும், "இது டெகெடெகெ. ஊசி போட்டால் செத்துப்போவான்" என்று சொல்லி, பிள்ளையோடு வெளியேறிவிட்டார். அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது.

டெகெடெகெ என்பது அங்கே குழந்தைகளுக்கு வரும் வலிப்பின் பெயர். சுவாஹிலியில் பறவைக்கு 'ந்டெகெ'. பறவையாக வரும் ஆவிதான் காரணம் என்பார்கள். கால் கை வலிப்பைக் காக்கா வலிப்பாக்கிய ஊர்க்காரன் நான், இதற்குச் சிரிக்க முடியாது.

மருத்துவக் கணக்கில் அது பல நேரம் மூளையைத் தாக்கிய மலேரியா. ஆனால் 1990களில் பாகமோயோ மாவட்டத்துத் தாய்மார்களிடம் பேசிய ஆய்வாளர்கள் கண்டது வேறு: அவர்களுக்கு மலேரியா ஒரு நோய், டெகெடெகெ இன்னொரு நோய். முதலாவதற்கு ஆஸ்பத்திரி, இரண்டாவதற்கு 'ம்கங்கா', அதாவது நாட்டு வைத்தியர். கொசுவலை பற்றி நாம் ஒட்டிய போஸ்டர் எல்லாம் வேறொரு நோய்க்கானதாகப் போயிற்று. ஊசிப் பயமும் மூடத்தனம் இல்லை. கடைசி நேரத்தில் வந்த பிள்ளைக்கு ஊசி போடுகிறோம், பிள்ளை இறக்கிறது. பக்கத்தில் நின்றவர் கண்ணில் கடைசியாகப் பட்டது ஊசிதானே?

காலனி அரசு 1928இல் சூனியத் தடைச் சட்டம் போட்டது. விடுதலைக்குப் பிறகு, 1974இல், தார் எஸ் சலாம் நகரின் முஹிம்பிலி மருத்துவ வளாகத்தில் பாரம்பரிய மருத்துவ ஆய்வுப் பிரிவு வந்தது. 2002இல் வைத்தியர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது. நல்லதுதான். ஆனாலும் ஆய்வகத்துக்கு வேண்டியது வேரும் பட்டையும். நோயின் பெயரை யாரும் பாட்டிலில் அடைத்து அனுப்புவதில்லை.

ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகும் நம் டாக்டர்களும் நர்ஸ்களும் முதலில், "வீட்டில் இதற்கு என்ன பேர் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். ம்கங்காவைத் திட்டாதீர்கள், வலிப்பு அடங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்பவர்களும் அவர்களில் உண்டு.

பின்னொரு நாள் ஒரு பாட்டி பேரனோடு வந்தார். அதே வாடை. "வலிப்புக்கு ம்கங்கா பார்த்துவிட்டார், சரி. இந்த ஊசி காய்ச்சலுக்கு. இதுவும் சீன நாட்டுச் செடி ஒன்றிலிருந்து வந்ததுதான்" என்றேன். ஊசியில் இருந்தது ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்து; அதைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை.

"இலையா, வேரா?" என்று கேட்டார் பாட்டி.

இலை என்றேன். பேரனின் தொடையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.