நிறப்புரியா, நிறமூர்த்தமா?

செல்லுக்குள் டிஎன்ஏ இழையைச் சுருட்டி வைத்திருக்கும் குரோமோசோமைத் தமிழில் எப்படி அழைப்பது? அதற்குச் சொந்த நிறம் கிடையாது, பெயரில்தான் நிறம். கிரேக்கத்தில் குரோமா என்றால் நிறம், சோமா என்றால் உடல். 1888இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் வால்டையர் இரண்டையும் ஒட்டி இந்தப் பெயரை வைத்தார். செல்லுக்குள் சாயத்தை இழுத்துக்கொண்டு பளிச்சென்று தெரிந்த துண்டுகளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? இன்றைக்கும் எலியின் எலும்பு மஜ்ஜை செல்களைக் கண்ணாடித் தகட்டில் சொட்டி, காயவைத்து, ஜீம்சா சாயத்தில் ஊறவிட்டு எடுத்தால்தான் ஊதா நிறத்தில் குச்சி குச்சியாகக் கண்ணுக்குப் படும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பெரும்பாலும் குரோமோசோம்தான். இலங்கையில் நிறமூர்த்தம், சோமாவுக்கு மூர்த்தம், சொல்லுக்குச் சொல் சரி. எனக்குப் பிடித்தது நிறப்புரி. கயிற்றுக்கு இரண்டு புரி, மூன்று புரி என்கிறோமே, அந்தப் புரி. உள்ளே இருப்பதும் முறுக்கிச் சுருட்டிய டிஎன்ஏ இழைதானே.

புரி என்று நினைத்துக்கொண்டால் எலிக் கணக்கும் சுலபமாகிவிடும். பரணில் ஓடும் கறுப்பெலியையும் அதன் நெருங்கிய சொந்தங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்: கிழக்காசியாவில் 42 நிறப்புரி, இலங்கையில் 40, ஐரோப்பாவிலும் தென்னிந்தியாவிலும் 38. எதுவும் தொலைந்துவிடவில்லை. இரண்டு குட்டைப் புரிகள் முனையோடு முனை சேர்ந்து ஒரு நீளப் புரியானது, அவ்வளவுதான். நிறப்புரிகள் ஜோடி ஜோடியாக இருப்பதால், அப்படி ஒரு தடவை நடந்தால் 42இல் இரண்டு குறைந்து 40, இன்னொரு தடவை நடந்தால் 38. உள்ளே இருக்கும் டிஎன்ஏ சரக்கு கிட்டத்தட்ட அதேதான், ஆனால் 42ம் 38ம் கூடிப் பிறக்கும் எலிகளுக்குக் குட்டி போடுவதே கஷ்டம். சுண்டெலியிலும் இதே கதை உண்டு, வழக்கமாக 40 இருக்கவேண்டியது போர்ச்சுகலின் மதேரா தீவில் 22 வரை இறங்கியிருக்கிறது.

ஆக, நிறப்புரியின் எண்ணிக்கை வேறு, மொத்த டிஎன்ஏ சரக்கு வேறு. அந்த மொத்தச் சரக்குக்கான சொல் ஜீனோம். 1920இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்லர், ஜீனையும் குரோமோசோமையும் வெட்டி ஒட்டியது. தமிழில் மரபணுத்தொகுதி என்கிறார்கள். இங்கேதான் எனக்கு ஒரு நெருடல்.

அர்ஜென்டினாவின் உப்புப் பாலையில் சிவப்பு விஸ்காச்சா எலி என்று ஒன்று இருக்கிறது. நிறப்புரி 102. அதன் சொந்தக்காரனான மலை விஸ்காச்சா எலிக்கு 56தான், டிஎன்ஏவின் அளவும் ஏறக்குறைய பாதிதான். மொத்தத் தொகுதியும் அப்படியே இரட்டித்துவிட்டது, பாலூட்டிகளில் இது அதிசயம் என்று 1999இல் ஒரு பெரிய பேச்சு கிளம்பியது. அப்புறம் ஆராய்ந்தவர்களுக்கு அந்த இரட்டிப்பு கிடைக்கவில்லை. சில டிஎன்ஏ துண்டுகள் திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்டுத்தான் அவ்வளவு வீங்கியிருக்கிறது. அந்த வீக்கத்தில் பெரும்பகுதி மரபணுவே இல்லை! அதைப் போய் மரபணுத்தொகுதி என்று எப்படிச் சொல்வது? அதனால் நிறப்புரி என்று எழுதும் அதே கையால் ஜீனோம் என்றும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.