லினன்: நாரின் பெயரும் பயனின் பெயரும்

துணிக்கடையில் 'லினன்' என்று கேட்டால் எளிதில் கசங்கும் இயல்புடைய, விலை கூடிய சட்டைத் துணியை எடுத்துப் போடுவார்கள். மருத்துவமனையிலோ தங்கும் விடுதியிலோ அதே சொல் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் துண்டையும் சேர்த்துக் குறிக்கிறது. அங்கே அவை பெரும்பாலும் பருத்தியாகவோ செயற்கை இழை கலந்தவையாகவோ இருக்கும். முன்னது ஒரு நாரின் பெயர், பின்னது ஒரு பயனின் பெயர். கையால் பூவேலை செய்த பழைய மேசைவிரிப்புகளையும் தலையணை உறைகளையும் பற்றித் தமிழில் எழுத முற்படுவோர் முதலில் பிரித்தறிய வேண்டியது இந்த இரட்டைப் பொருளைத்தான்.

பழைய ஆங்கிலத்தில் 'லீன்' என்பது ஆளிச் செடியையும் அதன் நாரையும் குறித்தது. அதனோடு 'அதனால் ஆகிய' என்று பொருள்தரும் ஈறு சேர்ந்து 'லினன்' எனும் பெயரடை உண்டாகி, அதுவே பின்னர்ப் பெயர்ச்சொல்லாக நிலைத்தது. இலத்தீனில் இச்செடிக்கு 'லீனும்' என்று பெயர், கிரேக்கத்தில் 'லினோன்'. ஆளிவிதை எண்ணெயைக் கொண்டு செய்யப்பட்ட தரைவிரிப்பான லினோலியத்திலும், ஆடைக்குள் உட்துணி வைப்பதைக் குறிக்கும் 'லைனிங்'கிலும் இதே வேர் இருக்கிறது. நம் தையற்காரர் ரவிக்கைக்கு 'லைனிங் வைக்கலாமா' என்று கேட்கும்போது, உட்துணியாக ஆளிநார்த் துணியை வைத்த ஐரோப்பியப் பழக்கத்தின் பெயரைத்தான் சொல்கிறார்.

நாரின் பெயர் பயனுக்குத் தாவியதற்குக் காரணம் எளிது. பருத்தி மலிவாகக் கிடைக்கும் முன்னர், ஐரோப்பிய வீடுகளில் கொதிநீரில் இட்டு வெளுக்க வேண்டிய துணிகளுக்கெல்லாம் ஆளிநாரே பெரிதும் பயன்பட்டது. அந்த நார் நனையும்போது வலுக் கூடுவது, நீரை விரைந்து உறிஞ்சுவது, பஞ்சுப்பிசிறு விடாதது. வசதியுள்ள குடும்பங்களில் பெருவெளுப்பு ஆண்டுக்கு ஒருசில முறையே நடந்ததால், இடைப்பட்ட மாதங்களுக்குப் போதுமான விரிப்புகள் டசன் கணக்கில் தேவைப்பட்டன. மணப்பெண்ணின் சீரில் அவை அடுக்கி வைக்கப்பட்டன. வெளுக்கும் இடத்தில் மாறிப்போகாதிருக்க, ஓரத்தில் பெயரின் முதலெழுத்துகளும் வரிசை எண்ணும் சிவப்பு நூலில் குறுக்குத் தையலாகப் போடப்பட்டன. இன்று பழம்பொருள் சேகரிப்போர் அழகு எனப் போற்றும் அந்த எழுத்துகள், வேலையளவில் நம் வண்ணார் இட்ட குறிக்கு நிகரானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைப் பருத்தி பரவி நார் மாறிய பிறகும், அவற்றை அடுக்கிய 'லினன் அலமாரி'யின் பெயர் மாறவில்லை.

பூவேலை செய்த இவ்வகைத் துணிகளில் பெயர் பெற்றவை போர்த்துகலின் மதீரா தீவைச் சேர்ந்தவை. 1850களில் பூஞ்சை நோயால் திராட்சைத் தோட்டங்கள் அழிந்து தீவு வறுமையுற்றபோது, அங்கு வாழ்ந்த ஆங்கில மது வணிகர் ஒருவரின் மகளான எலிசபெத் ஃபெல்ப்ஸ், உள்ளூர்ப் பெண்களின் பூவேலைக்கு இங்கிலாந்தில் விற்பனை வழி ஏற்படுத்தினார். துளையிட்ட காகிதத்தின் மீது நீலச் சாயத்தைத் தேய்த்துத் துணியில் கோலத்தைப் பதிப்பார்கள். பெண்கள் தத்தம் வீட்டிலிருந்தே தைத்துத் தருவார்கள். பின்னர்ச் சாயம் போகத் துவைத்து, கஞ்சியிட்டுத் தேய்த்து அனுப்புவார்கள். பழைய துணியின் மடிப்பில் நீலக்கறை எஞ்சியிருந்தால், அது அழுக்கன்று, துவைக்கப்படாத கோலம்.

இனித் தமிழுக்கு வருவோம். பழைய தமிழ் விவிலியத்தின் லேவியராகமத்தில், குருவாகிய ஆசாரியன் அணியும் லினன் சட்டை 'சணல்நூல் சட்டை' எனப்படுகிறது. மொழிபெயர்த்தோர் காலத்தில் அது பொருந்தியிருக்கலாம். ஆனால் இன்று சணல் என்றால் சாக்குதான் நினைவுக்கு வருகிறது. வெண்ணிறத் தூய ஆடையைச் சொல்ல வந்த இடத்தில் சாக்குடை தோன்றுவது நியாயமன்று. 'ஆளித்துணி' எனலாம், எனினும் 'ஆளி' யாளியையும் குறிக்கும் ஆதலால் 'ஆளிநார்த் துணி' என்பதே ஐயமற்றது. இச்சொல்லை நாரைக் குறிக்கும் இடத்தில் மட்டும் ஆள வேண்டும். பயனைக் குறிக்கும் இடத்தில் 'வீட்டு விரிப்புகள்' போதும். துண்டும் கைக்குட்டையும் சேருமிடத்தில் 'வீட்டுத் துணிகள்' எனலாம். பருத்தி மேசைவிரிப்பை ஆளித்துணி என்று மொழிபெயர்ப்பது பிழை.

எம்பிராய்டரிக்குப் 'பூத்தையல்' என்ற சொல் இருக்கிறது. 'பூவேலை' என்பதும் வழக்கே. ஆயினும் அது நெசவிலேயே எழும் பூவுக்கும் அச்சிட்ட பூவுக்கும் பொதுவாகிவிடுவதால், ஊசியைச் சுட்டும் 'தையல்' இருப்பது நலம். பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்திருந்த கந்தல், 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்' எனப்படுகிறது. அங்கே பேசப்படுவது கிழிசலைத் தைத்த தையலேயாயினும், நெய்து முடிந்த துணிக்குள் வேறோர் இழை நுழைவது என்பதே பூத்தையலை நெசவினின்று பிரிக்கும் இலக்கணமுமாகும். தையலைக் குறிக்கும் 'துன்னம்' வழக்கொழிந்துவிட்டதால் அதை மீட்டெடுக்க நான் வற்புறுத்தவில்லை.

இவ்விலக்கணத்தால் மற்றொரு குழப்பமும் தீரும். 1819இல் கிறித்தவச் சமயப்பணிக்காக நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அங்கும், அவருடைய மகளும் ராபர்ட் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா இடையன்குடியிலும் பெண்களுக்குக் கற்பித்த லேஸ் வேலையைப் பலர் பூத்தையல் என்று எழுதுகிறார்கள். லேஸுக்கு அடித்துணி இல்லை. திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றோடொன்று மாற்றிப் போட்டு உருவாக்கப்படுவது அது. ஆகவே அது பின்னல். இரண்டும் ஒரே துணியில் அமைந்தால் 'பின்னல் ஓரம் வைத்த பூத்தையல் மேசைவிரிப்பு' என்று எழுதலாம்; நார் இன்னதென உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதன் முன்னே 'ஆளிநார்' என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம்.