ரெஸ்யூமே எந்த இடத்தில் விழுகிறது?

விண்ணப்பித்த பத்தே நிமிடத்தில் 'வருந்துகிறோம்' என்று மெயில் வருகிறதா? ஏஐ உங்கள் திறமையை எடைபோட்டுத் தள்ளிவிட்டதாக நினைக்க வேண்டாம். இவ்வளவு சீக்கிரம் பதில் வந்தால் காரணம் பெரும்பாலும் படிவத்தில் நீங்கள் டிக் அடித்த ஒரு பதில்தான். நோட்டீஸ் பீரியட், எதிர்பார்க்கும் சம்பளம், எத்தனை வருட அனுபவம் என்று ஹெச்ஆர் ஒரு வரம்பு வைத்திருப்பார். அதற்குள் நீங்கள் வராவிட்டால் ரெஸ்யூமேயை யாரும் திறப்பதே இல்லை.

அந்தக் கட்டத்தைக் கடந்தவர்கள் விழும் அடுத்த இடம், விண்ணப்பங்களை வடிகட்ட நிறுவனங்கள் வைத்திருக்கும் மென்பொருள் ரெஸ்யூமேயை வாசிக்கும் விதம். பக்கத்தை இரண்டாகப் பிரித்த அழகான டெம்ப்ளேட்டை அது இடமிருந்து வலமாக ஒரே வரியாகப் படித்துவிடலாம். 'ஜாவா' என்ற சொல் உங்கள் கல்லூரிப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஹெட்டரில் போட்ட செல்போன் எண் காணாமல் போகலாம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போட்டுக் காட்டிய திறமை அதற்கு வெறும் படம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் சில மென்பொருள்களுக்கு அது வெற்றுத்தாள்தான். சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்: பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே எந்த வரிசையில் வருகிறதோ, ஏறக்குறைய அப்படித்தான் மென்பொருளும் படிக்கும். மென்பொருளை ஏமாற்ற வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்துவைக்கும் தந்திரமும் அதே நோட்பேடில் அம்பலமாகிவிடும். ஹெச்ஆர் திரையிலும் அப்படியே.

நம் ஊருக்கே உரிய தலைவலி இனிஷியல். 'லாஸ்ட் நேம்' கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகராது. டிகிரி சான்றிதழில் இனிஷியல், பான் கார்டில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால், பான் கார்டில் உள்ளபடியே எல்லா விண்ணப்பங்களிலும் எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக எழுதினால் ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பதிவாகி, பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கல் வரும்.

இனி ஹெச்ஆர் பக்கம். வேலைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்க அமேசான் உருவாக்கிய ஒரு மென்பொருளின் கதை 2018-இல் வெளிவந்தது. பத்து வருட ரெஸ்யூமேக்களைப் படித்துப் பழகியது அது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை என்பதால், 'விமன்ஸ்' என்ற சொல் இருந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. மகளிர் கல்லூரிகள் இரண்டில் படித்தவர்களையும் கீழே தள்ளியது. பல கல்லூரிகளின் பெயரிலேயே 'ஃபார் விமன்' இருக்கும் சென்னையில் இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆன்லைனில் பாடம் நடத்தும் ஐட்யூட்டர்குரூப் நிறுவனத்தின் வழக்கில் இந்த அளவு புத்திசாலித்தனம்கூடத் தேவைப்படவில்லை. 55 வயதைத் தொட்ட பெண்களையும் 60-ஐத் தொட்ட ஆண்களையும் தானாகத் தள்ளும்படி மென்பொருளை அமைத்திருந்தார்கள் என்பது அமெரிக்க அரசின் குற்றச்சாட்டு. பிறந்த தேதியை மட்டும் மாற்றி மறுபடி விண்ணப்பித்தவருக்கு நேர்காணல் அழைப்பு வந்ததாம். 2023-இல் 3,65,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள்.

நீங்கள் ஹெச்ஆர் என்றால், அதே சோதனையை நீங்களே செய்யலாம். ஒரே ரெஸ்யூமேயில் வயதையோ கல்லூரியையோ மட்டும் மாற்றி உங்கள் மென்பொருளுக்குக் கொடுங்கள். மாதம் ஒருமுறை, தள்ளப்பட்டவற்றில் ஒரு இருபதைக் குலுக்கல் முறையில் எடுத்து, அந்த வேலையைத் தெரிந்த டீம் லீடிடம் படிக்கச் சொல்லுங்கள். அவர் 'இவரை ஏன் கூப்பிடவில்லை?' என்று கேட்டால், எந்த வரம்பு அந்த விண்ணப்பதாரரைத் தள்ளியது, அதை வைத்தது யார் என்று தேடிப் பிடியுங்கள்.