மூச்சு வருகிறதா என்று பார்க்கும் பத்து நிமிடம்

"மச்சானுக்கு மூளைச்சாவு என்கிறார்கள். நெஞ்சு ஏறி இறங்குதே! மெசினைக் கழற்றச் சம்மதித்தால் நாங்களே கொன்ற மாதிரி ஆகாதா?" களுவாஞ்சிக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி இது.

நெஞ்சை அசைப்பது வென்டிலேட்டர். இதயமோ சொந்த மின்துடிப்பில் ஓடுவது. ஒட்சிசன் கிடைக்கும்வரை மூளை செத்தாலும் சில காலம் துடிக்கும். இவை இரண்டையும் நம்பி முடிவெடுக்க முடியாது. மூச்சையும் அனிச்சை அசைவுகளையும் ஆளும் அடிமூளையான மூளைத் தண்டைத்தான் சோதிக்க வேண்டும். கண்ணில் ஒளி, விழியில் பஞ்சு, காதுக்குள் 50 மில்லிலீற்றர் ஐஸ் தண்ணீர், தொண்டையில் உறிஞ்சுகுழாய். எதற்கும் அசைவில்லை என்றால் கடைசியாக மூச்சுச் சோதனை.

மூச்சுமுட்டச் செய்வது ஒட்சிசன் குறைவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் காபனீரொட்சைட்டு. அது குருதியிலிருந்து மூளையைச் சூழ்ந்த பாய்பொருளுக்குள் கசிந்து, நீருடன் சேர்ந்து அமிலமாகி, ஐதரசன் அயன்களை விடும். மூளைத் தண்டின் அடிப்பகுதியான நீள்வளைய மையவிழையத்தின் உணர்கலங்கள் அதை அறிந்தவுடன் "மூச்சை இழு" என்று கட்டளையிடும். இந்தக் கட்டளையை எந்த மனவுறுதியும் நெடுநேரம் தடுத்து வைக்காது.

சோதனையின் அழகு, இந்த இரண்டு வாயுக்களையும் பிரித்துக் கையாள்வதில் இருக்கிறது. முதலில் 10 நிமிடம் முழு ஒட்சிசன் கொடுப்பார்கள். நாடிக்குருதியில் காபனீரொட்சைட்டை 35–45 மில்லிமீற்றர் இரச அமுக்கத்துக்குள் கொண்டுவந்து கருவியைக் கழற்றுவார்கள். மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் வழியே நிமிடத்துக்கு 6 லீற்றர் அளவில் ஒட்சிசன் போய்க்கொண்டிருக்கும். உடல் ஒட்சிசனுக்குத் தவிக்காது. காபனீரொட்சைட்டு மட்டும் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் ஏறும். நெஞ்சையும் வயிற்றையும் திறந்துவைத்து 8–10 நிமிடம் கண் எடுக்காமல் பார்ப்பார்கள். அளவு 60ஐத் தொட்டும், அல்லது தொடக்கத்தைவிட 20 கூடியும், ஒரு மூச்சும் எழவில்லையா? மையவிழையம் செயலிழந்துவிட்டது. ஒரு சின்ன இழுப்பு வந்தாலே மூளைச்சாவு இல்லை. கருவியைத் திரும்பப் பூட்ட வேண்டியதுதான். குருதியமுக்கம் விழுந்தாலும் சோதனை நிற்கும்.

பிழைகள் எங்கே? ஒட்சிசனை வேகமாக விட்டால் காபனீரொட்சைட்டு கழுவுண்டு போய் 60ஐ எட்டாது. உடல் வெப்பம் 36 பாகைக்குக் குறைந்தாலும் மயக்க மருந்து உடலில் தங்கியிருந்தாலும் முடிவை நம்ப இயலாது. கருவியின் உணர்திறன் கூடியிருந்தால், இதயத்துடிப்பு தள்ளும் காற்றையே நோயாளியின் மூச்சாக எண்ணி அது இயங்கும். "தானா மூச்சு விடுறார்" என்று குடும்பம் நம்பிவிடும். நம் பகுதியில் மறக்கக்கூடாதது கட்டுவிரியன் கடி. வயல் வாடியில் தரையில் படுத்தவரைத் தீண்டினால், அதன் நஞ்சு நரம்பு முனைகளைச் சிதைத்து முழுவாதம் தரும். கருமணி விரிந்து அசையாது, மூச்சும் இராது. மூளையோ நலமாக இருக்கும். சில நாள் வென்டிலேட்டரில் வைத்தால் எழுந்து நடப்பார். அதனால் பாதிப்பின் காரணம் தெரியாதவரை சோதனையைத் தொடங்கவே கூடாது.

மூளைச்சாவு உறுதியான பிறகும் கை உயரலாம். அது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டான முண்ணாணின் வேலை. இதைக் காட்டி "உயிர் திரும்புது" என்று கழிப்புக்கும் நேர்த்திக்கும் காசு வாங்குபவர்கள்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

வாசகருக்கு: இலங்கையில் உடலுறுப்பு மாற்றத்துக்கான 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் மூளைச்சாவை மரணமாக ஏற்கிறது. சோதனை முறைப்படி முடிந்திருந்தால், மெசினைக் கழற்றுமுன்பே மரணம் நடந்துவிட்டது. சிந்தனைக்குரிய மேல்மூளையான மூளையம் மட்டும் பழுதாகி, கண் திறந்து தானாக மூச்சுவிடுபவரின் நிலை வேறு. அவர் உயிரோடிருப்பவர். கருணைக்கொலைக்கு நம் சட்டத்தில் இடமில்லை. அங்கே குடும்பம் வைத்தியரோடு பேச வேண்டியவை வேறு: அடுத்த நியூமோனியாவுக்கு மீண்டும் வென்டிலேட்டரா, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவதா.